ஆறு புள்ளியும் ஏழு புள்ளியும்: புதர்க்காட்டு வண்டின் உருவும் நிறமும் விளக்கம் பெற்ற வரலாறு

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை நெடுகக் கடையும் கட்டடமும் நெருக்கினாலும், மலையடிவாரத்தில் முள்ளும் சுள்ளியுமான வறண்ட புதர்க்காடு இன்னும் மிச்சமிருக்கிறது. தென்னிந்தியாவின் இத்தகைய காடுகளுக்கு உரிய பூச்சிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று ஆறுபுள்ளித் தரைவண்டு: கன்னங்கரிய உடல், மார்பில் இரண்டும் முன்னிறக்கைகளில் நான்குமாக வெள்ளைப் புள்ளிகள். மற்றது ஏழுபுள்ளிக் கரப்பான். கரப்பான் என்று சொன்னால்தான் நம்புவோம். பார்வைக்கு அதுவும் வண்டுதான்.

சென்னை ஜார்ஜ் கோட்டை மருத்துவர்களிடமிருந்து மாதிரிகளைப் பெற்றுவந்தவர் லண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர். அவர் பெயரையே கரப்பானுக்குச் சூட்டினார் லின்னேயஸ். ஆனால் 1758-இல் அதைச் சேர்த்தது ஆமைவண்டுகளின் பேரினத்தில். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் 1775-இல் ஆறுபுள்ளி வண்டை விவரித்தார். அக்காலத்தில் நிறம் இனம்பிரிக்க உதவும் அடையாளம், அவ்வளவே. அது எதற்காக வந்தது என்ற கேள்வி வகைப்பாட்டாளரின் வேலைக்குள் வரவில்லை.

கேள்வி முதலில் நிறத்தை விட்டு உருவத்தின் பக்கம் எழுந்தது. மடீரா தீவின் 550 வண்டினங்களில் 200 பறக்க இயலாதவை என்ற பூச்சியியலாளர் வொல்லாஸ்டனின் கணக்கை டார்வின் 1859-இல் எடுத்தாண்டார். பறந்தவை காற்றில் கடலுக்கு அடித்துச்செல்லப்பட்டன, பறக்காதவை தங்கிப் பெருகின என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று. நம் ஆறுபுள்ளி வண்டும் பறக்காது, ஓடி வேட்டையாடும். இங்கே கடற்காற்றுக்கு வேலையில்லை. வறண்ட நிலத்து வண்டுகளில் முன்னிறக்கைகள் மூடிபோல இறுகிக்கொண்டால் உடலின் ஈரம் எளிதில் வெளியேறாது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். ஒரே விளைவு, இரு வேறு நெருக்கடிகள். ஒரு தீவின் விடையை எல்லா மண்ணுக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறத்துக்கு விடை 1862-இல் வந்தது. தின்னத் தகாத பூச்சியின் தோற்றத்தைத் தின்னத் தக்க பூச்சி பெற்றுப் பிழைக்கிறது என்று அமேசான் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு இயற்கையியலாளர் பேட்ஸ் காட்டினார். பளிச்சென்ற நிறம் ஓர் எச்சரிக்கை என்று 1867-இல் வாலஸ் சொன்னார். இவ்விரண்டையும் நம் ஜோடியில் வைத்துப் பார்க்கலாம். தரைவண்டு சீண்டினால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதன் வெள்ளைப் புள்ளி உண்மையான மிரட்டல். கரப்பானின் புள்ளி அந்த மிரட்டலின் நகல் என்று கருதப்படுகிறது. கரப்பானை அருகில் வைத்துப் பார்த்தால் நகலின் சிக்கனம் புரியும். இட முன்னிறக்கையில் நான்கு புள்ளிகள், வலப்புறத்தில் மூன்று. நான்காவது வரவேண்டிய இடம் இட இறக்கைக்கு அடியில் மறைந்துவிடுவதால் அங்கே வெள்ளை இல்லை. எதிரியின் கண் படாத இடத்தில் இயற்கைத் தேர்வுக்கும் பிடியில்லை.

இத்தகைய நகலுக்குக் களச்சான்று தந்தது ஆப்பிரிக்கா. கலஹாரியில் நம் வண்டின் பேரினத்தைச் சேர்ந்த வண்டுகளைப் போலவே ஒரு பல்லி இனத்தின் குஞ்சுகள் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன. முதுகை வளைத்து விறைப்பாக நடக்கின்றன. வளர்ந்ததும் மணல் நிறம். எதிரியிடம் சிக்கி வால் முறிந்த குஞ்சுகள் இந்த இனத்தில் குறைவு என்று ஆய்வாளர்கள் ஹியூயும் பியான்காவும் 1977-இல் எழுதினார்கள்.

தீப்பெட்டியில் அடைத்து நாம் வளர்த்த பொன்வண்டின் கதை இதற்கு நேர் எதிர். மினுக்கமும் மறைக்கும் என்று 1909-இல் ஓவியர் தாயர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2020-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் பொன்வண்டுப் பேரினத்தின் இறக்கை உறைகளில் இரைப்புழு வைத்து இலைகள்மேல் பொருத்திச் சோதித்தார்கள். மினுங்குபவற்றைப் பறவைகள் குறைவாகவே கொத்தின. தேடிச்சென்ற மனிதர்களும் பெரும்பாலும் தவறவிட்டார்கள். பளபளப்பெல்லாம் எச்சரிக்கையல்ல, எந்த இலைமேல், எந்தக் கண்ணுக்கு என்பதைப் பொறுத்தது அது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி ஐரோப்பியப் பெட்டிகளில் குத்திவைத்த உடல்களைக்கொண்டு எழுதப்பட்டது. அந்தப் பெட்டிகளில் பூச்சி தின்னும் ஓணானும் இல்லை, கரிச்சானும் இல்லை. இரண்டும் இங்கே இருக்கின்றன. திருவண்ணாமலைக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் மழைக்காலத்து அந்தியில் எது எதைத் தொடாமல் விடுகிறது என்று குறித்துவைத்தாலே போதும், நல்ல ஆய்வு கிடைக்கும். கரப்பான் பகலில் சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். ஆகவே மலையடிவாரத்துச் சருகுக்குத் தீ வைக்காதீர்கள்.