நிறுத்து என்றால் ஏன் நிற்கவில்லை? – ஒரு சின்ன இயந்திரமும் எழுபது ஆண்டு வரலாறும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், தன் சேமிப்பையும் நான் கொடுத்த பணத்தையும் சேர்த்து ஒரு சின்ன சிஎன்சி இயந்திரம் வாங்கினான். மேசை மேல் வைக்கும் அளவுதான். மரப்பலகையில் எழுத்து செதுக்கும். வீட்டுக்குப் பெயர்ப் பலகை செய்வதாகத் திட்டம்.

வேலை தொடங்கும் முன் வெட்டும் முனையைப் பலகையின் மேல்மட்டத்துக்குச் சரியாக இறக்க வேண்டும். பலகைக்கும் முனைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, தாள் லேசாகப் பிடிக்கும்போது நிறுத்துவார்கள். தாளைப் பிடித்திருந்தவள் நான். கணினியில் கீழிறக்கும் விசையை அழுத்தியவன் அவன். "போதும், நிறுத்து" என்றேன். முனை நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே வந்து பலகையில் குத்தி, படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டு என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவனைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். "சொன்னால் உடனே கையை எடுக்கத் தெரியாதா?" என்றேன். அவன் முகம் வாடிப்போய், "அம்மாச்சி, நான் அப்பவே கையை எடுத்துட்டேன்" என்றான். நான் நம்பவில்லை.

மறுநாள் நானே விசையை அழுத்திப் பார்த்தேன். உண்மைதான். கையை எடுத்த பிறகும் இயந்திரம் மூன்று விநாடி போல நகர்ந்துகொண்டே இருந்தது. ஏன் என்று தேடப் போய்த்தான் இந்த இயந்திரத்தின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

கதை 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்து கொடுத்துவந்தார். இறக்கையின் வளைவுக்கு அச்சுத் தகடு வெட்ட வேண்டும். வளைவின் மேல் 17 புள்ளிகளைக் குறித்து, நடுவில் இருப்பதைக் கையால் இணைத்து வந்தார்கள். அது போதுமான துல்லியம் இல்லை. அவரிடம் வேலை பார்த்த பிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர், ஐபிஎம் நிறுவனத்தின் துளை அட்டைக் கணக்கு இயந்திரத்தைக் கொண்டு 200 புள்ளிகளைக் கணக்கிட்டுத் தந்தார்.

புள்ளிகள் கிடைத்துவிட்டன. வெட்டுவது எப்படி? ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்களை உரக்கப் படித்தார். இரண்டு தொழிலாளர்கள் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பி, ஒருவர் நீளவாக்கிலும் மற்றவர் குறுக்குவாக்கிலும் அந்த எண்ணுக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நம் வகுப்பில் நான் வாசிக்க, நீங்கள் எழுதுவீர்களே, சொல்வதை எழுதுதல், அதேதான்! எண்களால் இயந்திரத்தை ஆளும் முறை இப்படித்தான் பிறந்தது.

மனிதர் வாசிப்பதற்குப் பதில் அட்டையே வாசித்தால் என்ன என்று பார்சன்ஸ் யோசித்தார். 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகம் வேலையை எடுத்துக்கொண்டது. புள்ளி புள்ளியாக வெட்டினால் போதும் என்பது பார்சன்ஸ் எண்ணம். விடாமல் ஒரே பாதையாக வெட்ட வேண்டும் என்றது எம்.ஐ.டி. 1952இல் செயல்விளக்கம் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த பெரிய அலமாரிகள், காகித நாடாவில் துளைகளாகக் கட்டளைகள், அவற்றைப் படித்து ஓடிய சின்சினாட்டி நிறுவனத்து வெட்டு இயந்திரம். யோசனைக்கு உரியவரான பார்சன்ஸ் அதற்குள் ஓரங்கட்டப்பட்டிருந்தார். 1985இல்தான் அவருக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

துளைகளைக் கையால் கணக்கிட்டுப் போடுவது பெரும்பாடு. அதற்காக டக்ளஸ் ராஸ் தலைமையில் ஏ.பி.டி. என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 1959இல் அதை அறிவித்த கூட்டத்தில், அந்த மொழியால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்தார்களாம்!

இனி நம் மூன்று விநாடிக்கு வருவோம். நாடாவில் ஒரு கட்டளையைப் படிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வெட்டும் முனை ஒரே இடத்தில் நின்றால், உலோகத்தில் அங்கே வடு விழும். ஆகவே ஒரு கட்டளை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை முன்கூட்டிப் படித்துக் காத்திருக்க வைத்தார்கள். இதற்குப் பெயர் பஃபர். தமிழில் காத்திருப்பு வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசை, ஒரு நல்ல காரணத்துக்காக வந்தது. இன்றுவரை போகவில்லை.

கட்டளைகள் நாளடைவில் ஜி கோடு என்ற வடிவம் பெற்றன. அமெரிக்காவில் அதற்கு எழுதிய தரநிலையின் இறுதித் திருத்தம் 1980இல் வந்தது. 2009இல் நார்வே நாட்டுக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட், ஆர்டுயினோ என்ற மலிவான பலகையில் ஓடும் கிரபிள் என்ற மென்பொருளை எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டார். பின்னர் சங்கியுன் ஜியோன் என்பவர் அதை வளர்த்தெடுத்தார். ஒரு காலத்தில் அறையை அடைத்த அலமாரிகளின் வேலையை, 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள சில்லு செய்கிறது. வீட்டில் வைத்து விளையாடும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது இதுதான். என் பேரனுடையதிலும் அதே.

இந்தச் சில்லு, வரும் அசைவுகளை 16 வரை வரிசையில் வைத்து, முன்னே வரும் திருப்பங்களைப் பார்த்து வேகத்தைத் திட்டமிடுகிறது. அதற்கு முன்னால் 128 எழுத்துகள் காத்திருக்க இன்னொரு இடம். செதுக்கும்போது இது வரம். கையால் நகர்த்தும்போது இதுவே வினை. விசையை அழுத்திப் பிடித்தால் கணினி "1 மி.மீ. போ, 1 மி.மீ. போ" என்று விநாடிக்குப் பல முறை சொல்கிறது. இயந்திரத்தின் வேகமோ நிமிடத்துக்கு 500 மி.மீ., அதாவது விநாடிக்கு 8 மி.மீ. சொச்சம். வரிசையில் 16 கட்டளைகள், வாசலில் சுமார் 10 கட்டளைகள். மொத்தம் 26 மி.மீ. பாக்கி இருக்கிறது. நீங்களே வகுத்துப் பாருங்கள், மூன்று விநாடி வருகிறதா?

நாங்கள் கண்டுபிடித்த விதத்தையும் சொல்கிறேன். முதலில் யூ.எஸ்.பி. கம்பியைச் சந்தேகப்பட்டு மாற்றினோம். பயனில்லை. பழைய மடிக்கணினியில் மற்ற நிரல்களை மூடினோம். அதிலும் பயனில்லை. பிறகு பேரன்தான் கவனித்தான்: விசையை ஒரே முறை தட்டிவிட்டு எடுத்தால் இயந்திரம் உடனே அசைகிறது, உடனே நிற்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் தாமதம். அப்படியானால் கம்பி, மோட்டார், மின்சாரம் எல்லாம் சரி. கட்டளைகள் சேர்ந்துபோவதுதான் கோளாறு.

பலகையில் இருந்தது பழைய பதிப்பு. 2016இல் வந்த 1.1 பதிப்பில், கையால் நகர்த்துவதற்கென்றே தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். விசையிலிருந்து கையை எடுத்ததும், கணினி ரத்துக் குறி ஒன்றை அனுப்பும். அந்தக் குறி வரிசையில் நிற்காது. வந்தவுடன் கவனிக்கப்படும், காத்திருந்த அசைவுகள் எல்லாம் நீங்கிவிடும். பதிப்பை மாற்றி, கணினி நிரலிலும் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம். தொல்லை தீர்ந்தது. இன்னொன்று: ஆச்சரியக்குறியை அனுப்பினால் எந்த வேலையும் மெல்ல வேகம் தணிந்து நிற்கும். இது பழைய பதிப்பிலும் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இயந்திரம் கிளம்புவதிலும் மந்தம் இருந்தது. அதற்குக் காரணம் முடுக்கம். விநாடி வர்க்கத்துக்கு 10 மி.மீ. என்று வைத்திருந்தது. முழு வேகம் பிடிக்கவே 0.8 விநாடி ஆகும். ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். படிப்படியாக 50 வரை உயர்த்தினோம். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஓட்டி, தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். மிக அதிகமாக வைத்தால் மோட்டார் படி தவறும்.

வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முனை பலகையை நெருங்கும்போது விசையை அழுத்திப் பிடிக்காதீர்கள், 0.1 மி.மீ. அளவில் ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். தாளைப் பிடிக்கும் விரல் முனைக்குக் கீழே வேண்டாம்.

பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அம்மாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்துப் பொருத்தினான்.

ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். சொல்வதை எழுதும்போது, பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் உடனே நிமிர மாட்டான். எல்லார் முன்னாலும் "மந்தம்" என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பெஞ்சு மேல் ஏற்றியும் நிறுத்தினேன். ஆண்டு முடிவில் நோட்டுகளைத் திருத்தியபோதுதான் பார்த்தேன். அவன் நோட்டில் ஒரு சொல்கூட விடுபட்டிருக்கவில்லை. நான் முன்பு சொன்ன வாக்கியத்தை அவன் முழுதாக எழுதி முடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நான்தான் வேகமாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அப்போதும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுமுறை வந்தது, அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் பதிவுகளுக்கு விருப்பக்குறி போடுகிறான். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, தவறு என்னுடையது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பெயர்ப் பலகை முடிந்ததும் படம் போடுகிறேன். இயந்திரத் தொழிலில் இருக்கும் மாணவர்கள் நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்