உருமிக்காரப் பையன்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு ஈப்போ புந்தோங்கில் நின்றவர்களுக்குத் தெரியும். காவடி கண்ணில் படுவதற்கு முன்பே உருமி காதில் விழுந்துவிடும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. யாரோ அடிவயிற்றிலிருந்து விம்முவது மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் மேளங்கள் வந்து சேரும்.

சில வருடங்களுக்கு முன் அப்படியோர் இரவில், சுவரோரம் உட்கார்ந்து உருமியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும்.

"எங்க தாத்தா பால்மரம் வெட்டுனாரு. நான் கிளவ்ஸ் பேக்டரியில இருக்கேன். ரெண்டும் ரப்பர்தாண்ணே" என்று சிரித்தான்.

என்ன தொழில் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றேன்.

"பேக்டரின்னுதான் சொல்லணும். உருமி அடிக்கிறேன்னு சொன்னா பொண்ணு குடுப்பாங்களா?"

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் கைவிரல் காய்க்க ஒரு வாத்தியத்தை அடித்தவன், ஏன் தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை? கோயிலுக்குள் நாதஸ்வரம் வாசிப்பவரை வித்வான் என்கிறோம். வெளியே நிற்பவர்களுக்கு நம்மிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. 'பசங்க.' நாற்பது வயதானாலும் பசங்கதான்.

உருமி இடை சுருங்கிய இருமுகக் கொட்டு. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் விம்மல் பிறக்கிறது. தமிழ்நாட்டில் இது தனியாக வருவதில்லை. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் இவற்றோடு உருமியும் ஒன்று. கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்குத் தேவதுந்துபி என்ற பெயரில் அதே குடும்பத்து வாத்தியம் உண்டு. அங்கே ராகத்தைச் சுமப்பது குழல். உருமி அதற்குப் பக்கபலம்.

மலாயாவுக்கு வந்தபோது குழல் காணாமல் போனது. இங்கே உருமி மேளம் என்றால் நாலைந்து உருமி, பெரிய மேளங்கள், ஜால்ரா, ஒலிபெருக்கியில் ஒரு குரல், அவ்வளவுதான். குழல் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. நாதஸ்வரம் தலைமுறை தலைமுறையாகக் குருவிடம் இருந்து கற்கும் வித்தை. அந்தக் குடும்பங்கள் ஆற்றோரக் கோயில்களோடும் அவற்றின் மானியத்தோடும் பிணைந்திருந்தன. கங்காணியின் பின்னால் கப்பலேறி வர அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. கப்பலேறியவர்களில் கணிசமானோர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் கையோடு கொண்டுவந்தது தோல் கொட்டும் அதன் அடிகளும். ராகம் நெல் வயலோடு நின்றுவிட்டது, தாளம் மட்டும் கடல் கடந்தது.

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளில் தொடங்குகிறது. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான்வரை காடு அழிந்து தோட்டமானது. ஒவ்வொரு தோட்டத்திலும் லயம், கள்ளுக்கடை, ஒரு மாரியம்மன். கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் எல்லையில், ஒரு முனியாண்டி. திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள், துரையும் கொஞ்சம் கொடுப்பார். கொட்டு அடிப்பவர்களுக்கு வேட்டி, துண்டு, சாப்பாடு, கள். காசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஏனென்றால் அது தொழில் அல்ல, கடமை. இன்ன குடும்பத்தில் பிறந்தவன் இன்ன கொட்டை அடிக்கவேண்டும். அம்மனுக்கு அடித்த கைதான் லயத்தில் சாவு விழுந்தாலும் அடிக்கும்.

இலங்கை மலையகத்தில் இதே வரலாறு இன்னும் கூர்மையாக நடந்தது. அங்கே விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் 'பெரட்டு'க்குத் தப்பு அடித்தார்கள். காமன் கூத்துக்கும் அதே தப்பு, இழவுக்கும் அதே தப்பு. துரையின் கடிகாரமாகவும் சாமியின் அழைப்பாகவும் ஒரே தோல் இருந்திருக்கிறது. அதை அடித்தவரை மட்டும் இரண்டு இடத்திலும் வெளியே நிறுத்தினார்கள்.

தோட்டத்துக் கலைகள் என்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நான் சிறுவயதில் கேட்ட வசவுகளில் பாதி, கொட்டின் பெயரை ஒட்டியவை. வீட்டில் பெரியவர்கள் மேளச் சத்தத்துக்குக் கால் ஆடினால் 'என்ன புத்தி இது' என்று தொடையில் அடிப்பார்கள். ஏன் அடித்தார்கள் என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

பிறகு தோட்டங்கள் உடைந்தன. 1950களிலேயே ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் இறுகியது. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஒரு குழுவில் உருமிக்காரர் கப்பலேறிவிட்டால் அந்தக் குழுவின் கதை அதோடு முடிந்தது. அப்புறம் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியர்கள் 3 லட்சம் என்று ஒரு கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சில இடங்களில் மாரியம்மன் ரோட்டோரத்துக்கு இடம் மாறினாள், சில இடங்களில் கோயில்கள் இடிபட்டன.

புரவலர் போனால் கலை சாகும் என்பது பொது விதி. ஆனால் தோட்டம் செத்த பிறகுதான் உருமி பெருகியது. தாமான்களிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் வளர்ந்த பிள்ளைகள் குழு சேர்ந்தார்கள். குழுவுக்கு ஒரு சாமி பெயர், ஒரே நிறத்தில் டி-சட்டை, முதுகில் எழுத்து, வாடகை வேன். ஒலிநாடா, வட்டு, பிறகு யூடியூப். இதில் நடந்த பெரிய மாற்றம் ஒன்றை நம் வரலாற்று எழுத்து போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. தோட்டத்தில் கொட்டைப் பிறப்பு தீர்மானித்தது. தாமானில் நட்பு தீர்மானிக்கிறது. எந்தத் தாத்தா அடித்தார், எந்தத் தாத்தா அடிக்கவில்லை என்று குழுவில் பையன்கள் கேட்பதை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சில் இன்னும் சாதி கேட்கும் குடும்பங்களில் பிறந்தவர்கள்தான் இவர்களும். ஆனாலும் ஒரே மேளத்தை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். மேடை போட்டுப் பேசியவர்களால் முடியாத ஒன்று, பந்துத் திடலில் இருட்டியபிறகு யாரும் திட்டமிடாமல் நடந்திருக்கிறது.

பழைய இழுக்கு போன இடத்தில் புதியது வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஊர்வலங்களில் சட்டையின் நிறம், கொடியில் இருக்கும் எண் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சண்டை நடந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கிறது, சில குழுக்களின் பின்னால் யார் நின்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்காக மொத்தக் கொட்டையும் குற்றவாளி ஆக்கியாகிவிட்டது. சிங்கப்பூர் இதை முன்பே செய்தது. கைகலப்புகளைக் காரணம் காட்டி 1973இல் தைப்பூசப் பாதயாத்திரையில் இசைக்கருவிகளைத் தடை செய்தார்கள். 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு வழி விட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல்.

சினிமா மெட்டில் சாமி பாட்டு பாடுகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உண்மைதான். பஜனைக் குழுக்களும் அதைத்தான் பல வருடமாகச் செய்கின்றன. அவர்கள் ஆர்மோனியம் வைத்து உட்கார்ந்து பாடுவதால் யாருக்கும் உறுத்துவதில்லைபோலும்.

இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஒருமுறையாவது நின்று கவனிக்கவேண்டும். காவடி எடுப்பவர் குளித்து ஈர வேட்டியோடு நிற்கிறார். குரல் கொடுப்பவன் முதலில் பிள்ளையாரைக் கூப்பிடுகிறான், அடி மெதுவாக இருக்கிறது. மேளம் அடிக்கும் மூத்தவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காவடிக்காரரின் பாதத்தைப் பார்க்கிறான். கட்டைவிரல் தரையை அழுத்தத் தொடங்கினால் அடி ஒரு படி ஏறும். ஏறியதும் உடனே இறக்குவான். இதை மூன்று நான்கு முறை செய்வார்கள். சட்டென்று ஏற்றினால் ஆள் பயந்துவிடுவார், ஏற்றாமலே விட்டால் அருள் வராது. உருமியின் விம்மல் நீண்டு ஒரு கட்டத்தில் மேளமெல்லாம் நின்று அது மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். அப்போதுதான் தோள் குலுங்கும். அலகு குத்தும் நேரத்தில் அடி சீராக, மாறாமல் போகவேண்டும். ஒரு தப்படி விழுந்தால் அந்த உடம்புக்குத் தெரியும். பிறகு கல்லுமலைவரை நடை. வெயில், தார் ரோடு, நடுவில் சோர்ந்து நிற்பவரைத் தூக்கி நிறுத்துவதும் தாளம்தான். எப்போது நிறுத்தவேண்டும் என்று தெரிவதுதான் கடைசிப் பாடம் என்று ஒரு மூத்தவர் சொன்னார். "ஏத்திவிட எல்லாருக்கும் தெரியும்டா. எறக்கிவிடத் தெரியணும்."

கச்சேரி மேடையில் ஒரு மிருதங்கக்காரர் பாடகரின் மூச்சை இப்படிக் கவனித்தால் அதைப் பற்றி ஒரு பத்தி விமர்சனம் எழுதுவோம்.

நாதஸ்வரக்காரர்களின் நிலைமை மட்டும் சுகமா என்றால் இல்லை. ஈப்போவின் பெரிய கோயில்களில் வாசிப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர்கள். அரசாங்கத் தாள்களில் அர்ச்சகர், சிற்பி ஆகியோரோடு ஆலய இசைக்கலைஞர் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்த அனுமதி இறுகும்போதும் கோயில்கள் பதறுகின்றன. வந்தவர்கள் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி, மூன்று வேளைப் பூசைக்கு வாசித்து, கல்யாண அழைப்பு வந்தால் கொஞ்சம் ஊருக்கு அனுப்புவார்கள். குடும்பம் அங்கே, சீவாளி இங்கே. சிறிய கோயில்களில் அதுவும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் மோட்டாரில் ஓடும் மணியும் முரசும் வந்துவிட்டன. கெட்டிமேளம்கூடக் கைப்பேசியிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். அதுவும் முகூர்த்த நேரத்தில் யாரோ போன் பண்ணி நின்றுபோனது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குத் தாளில் 'இசைக்கலைஞர்' என்ற பெயர் இருக்கிறது. புந்தோங்கில் பிறந்தவனுக்கு இல்லை. 1971 தேசியப் பண்பாட்டு மாநாடு, பிற இனங்களின் பண்பாட்டிலிருந்து 'பொருத்தமான கூறுகளை' ஏற்கலாம் என்றது. உருமி அப்படிப் பொருத்தமானதா என்று யாரும் கேட்கவில்லை, நம்மவர்கள் உட்பட. தமிழ்நாட்டில் நிலைமை மெல்ல நகர்ந்திருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் இளைஞர்கள் அந்தச் செய்தியைப் பெருமையோடு பகிர்ந்தார்கள். அதே விரல்கள், உள்ளூர் உருமிக் குழுவின் காணொளிக்குக் கீழே 'கெங்ஸ்டர் பசங்க' என்று எழுதுவதையும் பார்த்தேன்.

வருமானம் என்று எடுத்துக்கொண்டால், தைப்பூசம், பங்குனி, சித்திரை, ஆடி என்று பருவம் பார்த்துத்தான் வரும். ஒரு காவடிக்கு வாங்கும் பணத்தில் வேன் வாடகை, தோல் மாற்றும் செலவு, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் போக மிச்சத்தைப் பதினைந்து பேர் பிரிப்பார்கள். தோல் ஈரத்துக்குத் தளரும் என்பதால் பல குழுக்கள் பிளாஸ்டிக் முகத்துக்கு மாறிவிட்டன. சத்தம் கூடியது, விம்மல் குறைந்தது. காது போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எல்லாம் நின்றது. 2021 தைப்பூசத்தில் காவடி இல்லை. சில குழுக்கள் மேளத்தை விற்றன. அந்தச் சமயத்தில், சொக்சோவின் சுயதொழில் காப்புறுதி 2020 முதல் கலைத்துறைக்கும் விரிந்திருப்பதை ஒரு குழுத் தலைவரிடம் சொன்னேன். சாலையில் நடந்து வாசிப்பவர்களுக்குக் கை கால் அடிபட்டால் பயன்படும் என்றேன். பாரத்தை வாங்கிப் பார்த்தார். தொழில் என்று இருந்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்துவிட்டு, "இத அப்புறம் பாத்துக்கலாம்" என்று மடித்து வேனின் முன்பக்கத்தில் செருகினார்.

கிளவ்ஸ் பேக்டரிப் பையனை இந்த வருடமும் பார்த்தேன். கல்யாணம் ஆகிவிட்டதாம். ஐந்தாவது மாடியில் வீடு, உருமியைத் தொட்டாலே பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுகிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் காரிலேயே வைத்துப் பயிற்சி செய்கிறான். கண்ணாடியை ஏற்றி, பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்து, தேய்க்கும் குச்சியை மட்டும்.

"சத்தம் வெளிய வராதுண்ணே" என்றான்.