ஆய்வுகூடக் குப்பியும் இளம்பிள்ளை வாதமும்

நோயொன்றின் வரலாறு அதன் இறுதி நோயாளியோடு முடிவெய்துகின்றது என்பது பொதுவான கருத்தாகும். இளம்பிள்ளை வாதத்தைப் பொறுத்தவரை இக்கருத்து முற்றும் பொருந்தாது. மக்களிடையே மறைந்த வைரசு ஆய்வுகூடக் குப்பிகளில் அழியாது உறைந்திருத்தல் கூடும்.

1948 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரச் சிறுவர் மருத்துவமனையில், என்டர்ஸ், வெல்லர், றொபின்ஸ் என்னும் அறிஞர் மூவர் கொப்புளிப்பான் வைரசை வளர்க்கும் பொருட்டு இழைய வளர்ப்புக் குடுவைகளை ஆயத்தஞ் செய்தனர். அவற்றுள் எஞ்சியவற்றில், சேமிப்பிலிருந்த இளம்பிள்ளை வாத வைரசை இட்டுப் பார்த்தனர். நரம்பல்லாத இழையத்திலும் அது வளர்ந்தது. இக்கண்டுபிடிப்பே 1955 இல் வெளிவந்த சோல்க்கின் தடுப்புமருந்துக்கு வழிவகுத்தது. மூவரும் 1954 இல் நொபெல் பரிசு பெற்றனர்.

அவர்கள் கையாண்ட லான்சிங் இனம், வைரசின் மூவகையுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது. இயற்கையிற் பரவிய அவ்வகை 1999 இல் இந்தியாவில் இறுதியாகக் காணப்பட்டது. அது ஒழிந்ததென 2015 இல் சான்று வழங்கப்பட்டது. மூன்றாம் வகைக்கு 2019 இல் அச்சான்று கிட்டிற்று. ஒருகால் மானிடர்க்கு நலம் பயந்த சேமிப்பே பின்னர் அச்சத்துக்கு ஏதுவாயிற்று. அவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 2017 ஏப்ரலில் ஒல்லாந்தின் தடுப்புமருந்து உற்பத்திக் கூடமொன்றில் இரண்டாம் வகை வைரசு சிந்தியமையால் ஊழியர் ஒருவர் தொற்றுற்றார். அவரைத் தம் இல்லத்திலேயே தனிமைப்படுத்த நேர்ந்தது.

பெயர் பொறித்த வைரசுக் குப்பியை இனங்காணல் எளிது. பிறிதொரு நோக்கத்துக்காகச் சேகரித்த மாதிரியை இனங்காணலே அரிது. இவ்வைரசு குடலில் வளர்வது. தொற்றுற்றோருட் பெரும்பாலார் யாதொரு நோய்க்குறியும் காட்டுவதில்லை. ஆதலின், வயிற்றோட்ட ஆய்வுக்கென எடுத்த மலமும், சளிச்சுர ஆய்வுக்கென எடுத்த தொண்டைச் சளியும், கழிவுநீரும் ஐயத்துக்குரியனவாகும். இரத்தமும் முண்ணாண் பாய்பொருளும் இவ்வகையுள் அடங்கா.

ஐயத்தைத் தீர்க்கும் வினாக்கள் இரண்டு: மாதிரி எங்கே எடுக்கப்பட்டது? எப்போது எடுக்கப்பட்டது? இலங்கையில் 1962 முதல் வாய்வழிச் சொட்டுமருந்து வழங்கப்பட்டது. இறுதி நோயாளி 1993 இல் காணப்பட்டார். எனவே 1980 இல் இங்கு சேகரித்து உறையவைத்த மலமாதிரி ஒன்றில் இயற்கை வைரசேனும் சொட்டுமருந்து வைரசேனும் இருத்தல் கூடும். உலக சுகாதார தாபனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி நாடுதோறும் இத்தகைய ஆண்டுகளை வகுத்துத் தந்தது. ஆய்வுகூடங்கள் தம் இருப்பை ஆராய்ந்து, தேசிய அதிகாரிகளுக்கு அறிவித்து, ஐயத்துக்குரியவற்றை அழித்தலோ, செயலிழக்கச் செய்தலோ, உரிய பாதுகாப்புள்ள நிலையத்துக்கு மாற்றுதலோ வேண்டும்.

‘எம்மிடம் ஒன்றுமில்லை’ என நினைவை நம்பிக் கூறுதல் போதாது. பெரியம்மை ஒழிந்ததென 1980 இல் உலகறிய அறிவிக்கப்பட்டது. எனினும் 2014 இல், அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள குளிரறை ஒன்றில் பெரியம்மைக் குப்பிகள் ஆறு வெளிப்பட்டன. பரிசோதித்தவற்றுள் வைரசு உயிர்ப்புடனேயே இருந்தது. அவற்றை வைத்தோர் சென்றுவிட்டனர், குப்பிகளோ எஞ்சின.

இடமும் காலமும் அறியாத சாசனம் வரலாற்றாசிரியனுக்குப் பெரிதும் பயன்படாது. அவை எழுதப்படாத குப்பியோ பயன்படாதது மட்டுமன்று. பின்வருவோர்க்குத் தீங்கும் விளைக்கவல்லது. ஆய்வுகூடம் புகும் மாணவர் முதலிற் கற்க வேண்டிய வரலாற்றுப் பாடம் இதுவேயாம்.