இருநூறு கட்டங்கள்: கையடக்க எல்.சி.டி. விளையாட்டுகளும் அவற்றின் நகல்களும்

பெட்டியின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். நாளுக்கு ஒன்றாக ஆடினாலும் அத்தனையையும் ஆடி முடிக்க இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை சில ஆட்டங்கள்தாம்: மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது, கார் ஓட்டுவது, பீரங்கி வண்டியால் சுடுவது, பாம்பை வளர்ப்பது, பந்தால் செங்கல் உடைப்பது. தொண்ணூறுகளில் உலகின் பாதித் தெருக்களில் விற்ற இந்தக் கருவிக்குப் பெட்டி தந்த பெயர் ‘பிரிக் கேம்’. ரஷ்யாவில் அதை ‘டெட்ரிஸ்’ என்றே அழைத்தார்கள். பிரேசிலில் ‘மினி கேம்’. நாங்கள் அதை ‘வீடியோ கேம்’ என்றோம். அதில் வீடியோ எதுவும் இல்லை என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

மின்னணு விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இதைப் போலிச் சரக்கு என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அதன் மூலக் கருவிகளுக்கோ தனி நூல்களும் கண்காட்சிகளும் உண்டு. ‘போலி’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேறுபட்ட செயல்கள் அடங்கியிருக்கின்றன என்பதும், அவற்றில் இரண்டாவது மூலத்தை உருவாக்கியவரின் கொள்கையை அவருடைய நிறுவனத்தைவிடத் தூரம் கொண்டுபோயிற்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கணக்குப்பொறியின் மிச்சம்

எல்.சி.டி. திரை விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1973இல் இஎல்-805 என்ற கையடக்கக் கணக்குப்பொறியில் அதைப் பயன்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் ஷார்ப்புக்கும் கேசியோவுக்கும் மூண்ட விலைப்போரில் கணக்குப்பொறியின் விலை சரிந்தது. எழுபதுகளின் முடிவில் ஷார்ப்பிடம் திரை செய்யும் திறன் நிறைந்திருந்தது. அதற்கு வேலை கொடுக்கக் கணக்குப்பொறி மட்டும் போதவில்லை.

நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் அந்த நேரத்தில்தான் வருகிறார். 1965இல் அந்த நிறுவனத்தின் சீட்டுக்கட்டு எந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, பொழுதுபோக்காகச் செய்த பொம்மை முதலாளியின் கண்ணில் பட்டதால் வடிவமைப்பாளர் ஆனவர். அதிவேக ரயிலில் ஒருவர் நேரம் போகாமல் கணக்குப்பொறியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். அங்கிருந்துதான் எண்ணம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1980 ஏப்ரல் 28 அன்று ‘பால்’ என்ற முதல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வெளிவந்தது. பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஒரு வித்தைக்காரன். ஆடாத வேளையில் அதுவே கடிகாரம். 1991 வரை நீண்ட அந்த வரிசையில் உலகெங்கும் விற்றவை 4 கோடியே 34 லட்சம். அதில் ஜப்பானுக்குள் விற்றது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

யோகோயின் கொள்கை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது: காய்ந்து முதிர்ந்த, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினையாத பக்கமாகத் திருப்ப வேண்டும். கணக்குப்பொறித் திரையை அவர் விளையாட்டாக்கியது அப்படித்தான்.

அந்தத் திரை வேலை செய்யும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகல்களின் வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம். கண்ணாடியில் ஒளி ஊடுருவும் மின்முனைகள் பொறிக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் பட்ட மின்முனையின் வடிவம் கறுப்பாகத் தெரியும். வித்தைக்காரனின் கை மூன்று இடத்தில் தெரிய வேண்டுமானால் மூன்று கைகளையும் முன்பே பொறித்துவைக்க வேண்டும். பந்து போகும் பாதையில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பந்து. ஒரு உருவத்தின் மேல் இன்னொன்று ஏற முடியாது. திரையைச் சாய்த்துப் பார்த்தால் ஆட்டத்தில் வரவிருக்கும் உருவங்கள் எல்லாம் ஆவி போல மங்கலாகத் தெரியும். நம்மூர் உவமையில் சொன்னால் இது கோல அச்சு. மாவைப் போட்டு எத்தனை முறை தட்டினாலும் அதே கோலம்தான் விழும். வேறு கோலம் வேண்டுமானால் வேறு அச்சு வாங்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு புதிய விளையாட்டுக்கும் புதிய கண்ணாடி, புதிய நிரல் பொறித்த சிப் இரண்டும் தேவைப்பட்டன. நகலெடுக்க நினைத்தவருக்கும் இதே சுமைதான். சிப் செய்யும் ஆலை கையில் உள்ளவரே அப்படியே நகலெடுக்க முடியும்.

ஓநாயும் முட்டையும்

அப்படிப்பட்ட ஆலை சோவியத் அரசிடம் இருந்தது. மேலை நாட்டு, ஜப்பானியச் சிப்களைப் பிரித்துப் படித்து அதேபோலச் செய்வது அங்கே எழுபதுகளிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ராணுவத்துக்கு உழைத்த ஆலைகளும் மக்களுக்கான நுகர்பொருள் செய்து காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. மின்னணுத் தொழில் அமைச்சகத்தின் கீழிருந்த பல ஆலைகள் ‘எலெக்ட்ரோனிகா’ என்ற ஒரே பெயரில் கடிகாரம் முதல் கணினி வரை செய்தன. 1984இல் அந்தப் பெயரில் வந்த ஐஎம்-02 என்ற விளையாட்டுக் கருவி நிண்டெண்டோவின் ‘மிக்கி மவுஸ்’ கருவியின் நகல். உள்ளே இருந்த கேபி1013விகே1-2 சிப், ஷார்ப்பின் எஸ்எம்5ஏ என்ற நான்கு பிட் சிப்பின் மறுபதிப்பு. விலை 25 ரூபிள். அன்றைய சராசரி மாதச் சம்பளம் 190 ரூபிள் அளவில் இருந்தது என்பதோடு வைத்துப் பார்த்தால் அது மலிவான பொம்மை இல்லை.

ஆட்டம் இதுதான். நான்கு மூலைகளில் கோழிகள். அவை இடும் முட்டைகள் சரிவுப் பலகைகளில் உருண்டு வரும். நான்கு பொத்தான்களால் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்று தவறினால் ஆட்டம் முடிந்தது. ஒரு துணைப் பாத்திரம் எட்டிப்பார்க்கும் நேரத்தில் முட்டை உடைந்தால் அரைத் தவறுதான். 200, 500 புள்ளிகளில் பழைய தவறுகள் அழிந்துபோகும். நகலில் இவை எதுவும் மாறவில்லை. மாறியது கண்ணாடியில் பொறித்த படம் மட்டுமே. மிக்கியின் இடத்தில் ‘நு, பகதீ!’ கார்ட்டூன் தொடரின் ஓநாய் வந்தது, எட்டிப்பார்ப்பது முயல். 1969 முதல் வந்துகொண்டிருந்த அந்தத் தொடரைச் சோவியத்தில் பார்க்காத குழந்தை அரிது.

பொதுவாக நகலெடுப்பவன் படம் மாற்றுவது தடயத்தை மறைப்பதற்காக என்போம். இங்கே அந்த மாற்றம் ஆட்டத்துக்குப் பொருளைக் கூட்டியது என்பதே என் கணிப்பு. இந்த ஆட்டத்தில் வெற்றி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாலும் கடைசியில் முட்டை உடையத்தான் செய்யும். எதிலும் வெல்லும் மிக்கிக்கு அது ஒட்டாத விதி. ஒவ்வொரு கதையிலும் முயலைத் துரத்தித் தோற்கும் ஓநாய்க்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்தக் கருவியைச் சுற்றி ஒரு வதந்தியும் கிளம்பிற்று: 1000 புள்ளி எடுத்தவருக்குத் திரையில் கார்ட்டூன் ஓடும். நடக்கவே முடியாத காரியம். பொறித்த உருவங்களைத் தவிர வேறெதையும் அந்தக் கண்ணாடி காட்டாது. எஸ்எம்5ஏ சிப்பில் நிரலுக்கு இருந்த இடமோ 1,856 பைட் மட்டுமே. 999க்கு அப்புறம் எண் 0 ஆகும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு தலைமுறையே அதை நம்பி விரல் தேய்த்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தங்கள் கையில் இருந்தது ஜப்பானியக் கருவியின் நகல் என்று தோன்றவே இல்லை. அது அவர்களுடைய கார்ட்டூன்.

எலெக்ட்ரோனிகா இதோடு நிற்கவில்லை. ‘ஆக்டபஸ்’ ஆழ்கடல் மர்மம் ஆயிற்று. ‘செஃப்’ குதூகலச் சமையல்காரர் ஆனார். முட்டை ஆட்டத்தின் நிரலையே வைத்துக்கொண்டு விண்வெளிப் படம் பொறித்து இன்னொரு கருவியாகவும் விற்றார்கள். இதில் நிண்டெண்டோவைக் குற்றவாளியின் எதிர்க்கூண்டில் நிறுத்தவும் முடியாது. ‘மிக்கி மவுஸ்’, ‘எக்’ என்று ஒரே நிரலுக்கு இரண்டு படம் போட்டு 1981இல் விற்றது அந்த நிறுவனமே. உடை மாற்றி விற்கும் வித்தையைச் சோவியத் பொறியாளர்கள் சிப்போடு சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

அச்சிலிருந்து புள்ளிக்கு

அதே 1984இல், அதே பெயர் பொறித்த இன்னொரு எந்திரத்தில் நகல் வரலாற்றின் அடுத்த அத்தியாயம் தொடங்கியது. மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சி பாஜித்னோவ் ‘எலெக்ட்ரோனிகா 60’ கணினியில் டெட்ரிஸை எழுதினார். அந்தக் கணினியால் படம் வரைய முடியாது. ஆகவே கட்டங்களை அடைப்புக்குறிகளால் காட்டினார். உலகிலேயே மிக அதிகம் ஆடப்பட்ட கணினி விளையாட்டுகளில் ஒன்று படமே இல்லாமல் பிறந்தது என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும்.

1989இல் சோவியத்தின் எலார்க் நிறுவனம் கொடுத்த கையடக்கக் கருவிகளுக்கான டெட்ரிஸ் உரிமை நிண்டெண்டோவின் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளிவந்த கேம் பாய், அமெரிக்காவில் டெட்ரிஸோடு சேர்த்தே விற்கப்பட்டது. விலை ஏறத்தாழ 90 டாலர். யோகோயின் குழு செய்த கருவிதான் அதுவும். திரையில் 160க்கு 144, அதாவது 23,040 புள்ளிகள். எந்தப் படமும் காட்டலாம். எந்த விளையாட்டையும் செருகலாம். அந்த விலை உலகில் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது.

பிரிக் கேம் புகுந்தது இந்த இடைவெளியில். பத்துக்கு இருபது: மொத்தம் 200 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சட்டம் போட்ட ஒரு சதுரம். பழைய முறையில் கண்ணாடியில் பொறித்த உருவம்தான், கணக்குப்பொறியின் எண்ணைப் போல. ஆனால் உருவங்கள் எல்லாம் ஒரே மாதிரியானதும் கண்ணாடியின் குணமே மாறிவிட்டது. கோல அச்சு போய்ப் புள்ளிக் கோலம் வந்தது. புள்ளி வைத்தாயிற்று, எந்தக் கோலத்தையும் இழுத்துக்கொள்ளலாம். ஏழெட்டுச் சதுரம் சேர்த்தால் கார். தலையும் வாலுமாக நீட்டினால் பாம்பு. கண்ணாடி ஒன்றே, அதைச் செய்யும் செலவும் ஒருமுறைதான். பிறகு எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் சிப்புக்குள் எழுதிக்கொள்ளலாம். தைவானின் ஹோல்டெக் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே நான்கு பிட் சிப்களைச் செய்து தந்தன. அதை வாங்கிய எந்தச் சிறு பட்டறையும் பிளாஸ்டிக் கூடு வார்த்துக் கருவியைச் சந்தைக்கு அனுப்பலாம். உறை போட்ட சிப்கூடக் கிடையாது. வெறுஞ்சில்லைப் பலகையில் ஒட்டி, மேலே கறுப்புப் பிசினைச் சொட்டுவிடுவார்கள். பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் மாதக்கணக்கில் ஓடும். கூட்டின் வடிவத்தை மாற்றி மாற்றி நூறு பெயரில் விற்றது ஒரே கருவிதான்.

கருவியைப் பிரித்துப் பார்த்து அதையே செய்வது சோவியத் வழி. சீன, தைவான் வழி கருவியை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிரிக் கேம் செய்தவர்கள் கேம் பாயை நகலெடுக்கவில்லை. அதன் மேல் ஓடிய ஆட்டத்தை, அது பிறந்தபோது இருந்த எலும்புக்கூட்டு நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். காய்ந்த தொழில்நுட்பத்தை வேறு பக்கம் திருப்பு என்ற யோகோயின் சொல்லுக்கு, 23,040 புள்ளிகளைவிட இந்த 200 கட்டங்களே நெருக்கமானவை. சோவியத் சிதறிய பிறகு, மாஸ்கோவில் பிறந்த ஆட்டம் சீனப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைந்து, உரிமம் எதுவும் இன்றி மாஸ்கோ தெருவோரக் கடைகளுக்கே திரும்பி வந்தது.

9999க்கு வருவோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேகம் பத்து, நிலை பத்து என்று வைத்து, அத்தனை கூட்டையும் தனித்தனி விளையாட்டாக எண்ணினால் ஓர் ஆட்டம் நூறாகும். கட்டை இடவலம் மாறி விழுந்தால் இன்னொரு நூறு. இந்தக் கணக்குக்குக்கூட ஓரளவு நியாயம் உண்டு. 9999க்கு அதுவும் கிடையாது. நான்கு இலக்கத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது என்பதால் அச்சிட்டார்கள்.

சட்டம் மெதுவாக வந்தது. விளையாட்டின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்பது அமெரிக்கச் சட்டத்தின் பழைய நிலை. பிரிக் கேம் வாழ்ந்தது அந்த விரிசலில். டெட்ரிஸ் ஹோல்டிங் நிறுவனம் ஜியோ இன்டராக்டிவ் மீது தொடுத்த வழக்கில், 2012இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றம், துண்டுகளின் வடிவங்களோடு பத்துக்கு இருபது என்ற ஆடுகள அளவையும் பாதுகாக்கப்பட்ட வெளிப்பாடாகக் கொண்டது. வழக்குக்கு உள்ளானது ஐபோனுக்குச் செய்த ஒரு விளையாட்டு. பிரிக் கேமின் காலம் அதற்குள் ஓய்ந்திருந்தது; 1997இல் நோக்கியா 6110 போனுக்குள் பாம்பு புகுந்ததுமே அந்த முடிவு தொடங்கிவிட்டது.

இன்று நிண்டெண்டோ கருவிகளோடு எலெக்ட்ரோனிகா கருவிகளின் சிப்களையும் திறந்து நிரலைப் படித்து, கண்ணாடியை வருடி, கணினியில் இயங்கும் வடிவில் ஆர்வலர்கள் பாதுகாத்து வைக்கிறார்கள். பிரிக் கேமுக்கு இந்தக் கவனிப்பு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. யார் செய்தார், எந்த ஆண்டு என்று கூட்டின் மேல் எழுதாத பொருளைப் பட்டியலிடுவது எளிதல்ல. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் குப்பைக்குப் போடாதீர்கள். முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றுங்கள். அது கசிந்தால் பலகையை அரித்துவிடும். பெட்டியும் இருந்தால் இன்னும் நல்லது. வாங்கிய ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அதற்குள் போட்டுவையுங்கள்.