பாதி மைதானம், எட்டு பேர், நின்றுபோன சம்பளம்! - 'இண்டோர்' அமெரிக்கன் ஃபுட்பாலின் கதை

கோடைக்காலத்தில் ராயக்கோட்டை பக்கம் ராத்திரி நேரக் கபடி பார்த்திருக்கிறீர்களா? மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு லைட் கட்டினால் மைதானம் ரெடி. ஆடுகிற பசங்களில் சிலர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள். சிலர் விடிந்ததும் தக்காளி மண்டிக்கு கிரேட் தூக்கப் போகவேண்டியவர்கள்.

இவர்களில் ஒருவருக்கு ஒருநாள் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "புதுசா ஒரு லீக் ஆரம்பிக்கிறோம் தம்பி. சம்பளம் உண்டு, டி.வி-யில வருவீங்க. வேலையை விட்டுட்டு வந்துடுங்க!"

என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்வியோடு கிட்டத்தட்ட 40 வருடங்களாக மல்லுக்கட்டும் ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதுதான் கூரைக்குக் கீழே ஆடும் 'இண்டோர்' அமெரிக்கன் ஃபுட்பால். ஆட்டம் நமக்குப் புதுசு. ஆனால், கதை நமக்கு ரொம்பப் பழக்கமானது!

இது நம்ம ஃபுட்பால் இல்லை!

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது கையால் ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணி எல்லைக்குள் ஓட வேண்டும், அல்லது அங்கே நிற்கும் சக வீரருக்கு எறிய வேண்டும். எதிரணி கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கும். நம்ம கபடியில் ரெய்டரை மடக்குவது மாதிரிதான். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். எல்லைக்குள் கொண்டுபோய்விட்டால் 'டச் டவுன்', 6 புள்ளிகள்.

வழக்கமான ஆட்டத்துக்கு அணிக்கு 11 பேர், 100 கெஜ நீள மைதானம் வேண்டும். இண்டோரில் 8 பேர், 50 கெஜ நீளம்தான். அகலமும் ஏறத்தாழ பாதி, 85 அடி. இந்த அளவு ஏன் தெரியுமா? ஐஸ் ஹாக்கி அரங்கின் தளத்துக்குள் கச்சிதமாக அடங்கும். கோட்டுக்குப் பதிலாக ஓரத்தில் மெத்தை வைத்த தடுப்புச் சுவர். கோல் கம்பத்தின் இரண்டு பக்கமும் உயரமான வலை. அதில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கும், பிடித்துக்கொண்டு ஓடலாம். சின்ன இடம் என்பதால் ஸ்கோர் மளமளவென ஏறும். இரண்டு அணிகளும் ஆளுக்கு 50 புள்ளிகள் எடுப்பதெல்லாம் சகஜம்.

கவரில் வரைந்த மைதானம்

கூரைக்குக் கீழே ஆடும் யோசனை பழையதுதான். 1932 டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் அணிக்கும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கும் முக்கியமான ஆட்டம். கடும் குளிர், பனி. வேறு வழியில்லாமல் சிகாகோ ஸ்டேடியத்தின் உள்ளே சுருக்கிய மைதானத்தில் ஆடினார்கள். 9-0 என பேர்ஸ் ஜெயித்தது. ஆனால் அது ஒரு நாள் கூத்து.

அதையே தனி ஆட்டமாக மாற்றியவர் ஜிம் ஃபாஸ்டர். அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்-லின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். 1981-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனார். 'கால்பந்தை உள்ளே ஆடலாம் என்றால் இதை ஏன் ஆடக்கூடாது?' என்று தோன்றியது. கையிலிருந்த கவரின் மேலேயே மைதானத்தை வரைந்துவிட்டார்!

1986-ல் இலினாய்ஸ் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் ஒரு சோதனை ஆட்டம். 1987-ல் டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன், சிகாகோ என நான்கே அணிகளோடு 'அரீனா ஃபுட்பால் லீக்' தொடங்கியது. முதல் கோப்பையை டென்வர் தூக்கியது.

கணக்கு எளிமையானது. ஹாக்கி, கூடைப்பந்து சீசன் முடிந்ததும் ஊர் ஊராக அரங்குகள் காலியாகக் கிடக்கும். குறைந்த ஆட்கள், ஏ.சி காற்று, குறைந்த டிக்கெட் விலை. பெரிய லீக்கின் அணி எந்தக் காலத்திலும் வராத ஊர்க்காரர்களுக்கு 'எங்க ஊர் டீம்' என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது.

ஃபாஸ்டர் இன்னொன்றும் செய்தார். அந்த வலையோடு சேர்த்து ஆட்ட முறைக்கே காப்புரிமை வாங்கினார். 1990-ல் அது கிடைத்தது. அதனால் 90-களின் கடைசியில் போட்டி லீக்குகள் முளைத்தபோது, அவை வலை இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று. காப்புரிமை 2007-ல் காலாவதியாகிவிட்டது. ஆனாலும், வலை இல்லாத ஆட்டம் ஒரு தனி வகையாகவே நிலைத்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சூப்பர் பவுலுக்கு!

இந்த ஆட்டத்தின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் உதாரணம் காட்டும் ஆள், கர்ட் வார்னர். 1994-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமிலேயே கழற்றிவிட்டது. ஊருக்குத் திரும்பி, அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு நேரத்தில் அலமாரிகளில் பொருட்களை அடுக்கும் வேலை. மணிக்கு 5.50 டாலர் சம்பளம்.

1995-ல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா அணியில் சேர்ந்து மூன்று சீசன் ஆடினார். சின்ன மைதானத்தில் யோசிக்க நேரமே இருக்காது. எதிராளி வந்து இடிப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் பிறகு கைகொடுத்தது. 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் ஜெயித்து, ஆட்டநாயகன் விருதையும் வாங்கினார். 2017-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு சின்ன லீக் நடத்துபவர்கள் எல்லோரும் இளைஞர்களிடம் காட்டுவது இந்த ஒரு போட்டோவைத்தான். அவர் உண்மைதான். ஆனால், அவர் பக்கத்தில் அதே ஜெர்சியில் ஆடி, ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் போட்டோ எதிலும் இருப்பதில்லை.

விழுந்து எழுந்து... மறுபடி விழுந்து

2000-ல் சின்ன ஊர்களுக்கென 'ஏ.எஃப்-2' என்ற இரண்டாம் நிலை லீக்கையும் தொடங்கினார்கள். 2003-ல் என்.பி.சி டி.வி ஒளிபரப்ப வந்தது. செலவும் கூடவே ஏறியது. 2008 பொருளாதாரச் சரிவில் ஆட்டம் கண்டது. 2009 சீசனை ரத்து செய்தார்கள், லீக் திவால் ஆனது. 'ஏ.எஃப்-2'வும் அந்த வருடத்தோடு முடிந்தது.

2010-ல் குறைந்த செலவில் மறுபடி தொடங்கினார்கள். இந்தமுறை ஒரு வீரருக்கு ஆட்டத்துக்குச் சுமார் 400 டாலர். ஒரு சீசனில் 18 ஆட்டம் என்றால் 7,200 டாலர். அமெரிக்காவில் அதை வைத்து ஒரு வருடம் வாடகைகூடக் கொடுக்க முடியாது. 2012 மார்ச்சில் வீரர்கள் ஸ்டிரைக் பேச்சை எடுத்தார்கள். பிட்ஸ்பர்க் பவர் அணி சீசனின் முதல் ஆட்டத்துக்காக ஓர்லாண்டோ போயிருந்தது. ஆட்டத்துக்கு முன்பு ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீரர்களை, அங்கேயே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அன்று இரவு மாற்று ஆட்களை வைத்து ஆட்டம் நடந்தது!

2018-ல் நான்கே அணிகள் மிச்சம். 2019 நவம்பரில் மறுபடி திவால். 2024-ல் அதே பெயரில் 16 அணிகளுடன் இன்னொரு முயற்சி. தொடங்கிய சில வாரங்களிலேயே அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிச்சமிருந்தவர்களில் சிலர் சேர்ந்து 'அரீனா ஃபுட்பால் ஒன்' என்று வேறு பெயரில் 2025-ல் தொடர்ந்தார்கள்.

அப்படியென்றால் எதுவுமே நிலைக்கவில்லையா? நிலைத்தது. 2008-ல் இரண்டு குட்டி லீக்குகள் சேர்ந்து 'இண்டோர் ஃபுட்பால் லீக்' ஆனது. 2009 முதல் அது ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் பழைய ராஜா, தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணி. நம்ம ஓசூர் மாதிரி சில லட்சம் பேர் வாழும் ஊர்தான் அது. டி.வி கனவை நம்பிச் செலவு செய்த லீக் சாய்ந்தது. உள்ளூர் டிக்கெட்டையும் உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரப் பலகையையும் நம்பிய லீக் நின்றது. மொத்தக் கதையின் சாரமே இதுதான்.

நம்ம பக்கமும் வந்தது!

2011-ல் 'எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' என்ற அறிவிப்பு வந்தது. இது திறந்தவெளியில் ஆடும் 11 பேர் ஆட்டம்தான். ஆனால், பணம் போட்டவர்களைக் கவனியுங்கள்: முன்னாள் பயிற்சியாளர் மைக் டிட்கா, அரீனா லீக்கின் பிலடெல்பியா சோல் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான ரான் ஜவோர்ஸ்கி, அப்புறம் நம்ம கர்ட் வார்னர்! ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு 'வார்ஹாக்ஸ்' என்ற அணி, இலங்கைக்கு 'கொழும்பு லயன்ஸ்'. வேறு விளையாட்டுகளிலிருந்து வந்த பசங்களுக்கு ஹெல்மெட் மாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 2012-ல் முதல் சீசன். கொழும்பின் சுகததாச ஸ்டேடியத்திலும் ஆட்டங்கள் நடந்தன. புனே மராத்தாஸ் சாம்பியன். ஆனால், அறிவித்த வேகத்தில் அந்த லீக் வளரவே இல்லை.

கூரைக்குக் கீழே நடந்த லீக் வேண்டுமென்றால் சென்னைக்கே போகலாம். 2016 ஜூலையில் நேரு உள்விளையாட்டரங்கில் 'பிரீமியர் ஃபுட்சால்' தொடங்கியது. ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து. ஃபாஸ்டருக்கு யோசனை கொடுத்த ஆட்டத்தின் சொந்தக்காரன்தான் இது. ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ், சென்னை அணிக்கு பிரேசிலின் ஃபால்காவ்... இப்படி உலகப் பெயர்கள் வந்து இறங்கின. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதை அங்கீகரிக்கவில்லை. 2017-ல் இரண்டாவது சீசன் நடந்தது. அத்தோடு சரி.

இதே காலத்தில் இன்னோர் உள்ளரங்க லீக் மட்டும் வேர் பிடித்தது. 2014-ல் 8 அணிகளுடன் வந்த புரோ கபடி. 2017-ல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு அணிகள் சேர்ந்து 12 ஆனது. மண்ணில் ஆடியதை மேட்டுக்கு மாற்றி, கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஃபாஸ்டர் செய்த அதே வேலைதான். ஒரு வித்தியாசம், ராயக்கோட்டை மாதிரி ஆயிரக்கணக்கான ஊர்களில் கபடி ஏற்கெனவே உயிரோடு இருந்தது. ஆட்டத்தை யாரும் புதிதாக விதைக்க வேண்டியிருக்கவில்லை.

போன் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

இத்தனை லீக்குகளின் கதையிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

* அங்கீகாரம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத போட்டியின் சான்றிதழ் அங்கே செல்லாது.

* சம்பளம் மாதத்துக்கா, ஆட்டத்துக்கா? ஆட்டத்துக்கு என்றால், மழையிலோ பணப் பிரச்னையிலோ ஆட்டம் ரத்தானால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

* அடிபட்டால் யார் செலவு? கட்டிப்பிடித்துச் சாய்க்கும் ஆட்டத்தில் மூட்டும் தோளும்தான் முதலில் போகும். இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கண்ணால் பாருங்கள்.

* பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர் என்று பதில் வந்தால் கொஞ்சம் நம்பலாம். 'டி.வி-காரங்க வருவாங்க' என்பது மட்டுமே பதில் என்றால் உஷார்!

* செலக்‌ஷனுக்குப் பணம் கேட்கிறார்களா? கேட்டால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள். வீரருக்குத்தான் லீக் பணம் தர வேண்டும்.

* லீவு போட முடியுமா? முதல் சீசனுக்கு வேலையை விடாதீர்கள். சம்பளமில்லா லீவு கிடைக்குமா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். வார்னரும் இரவு வேலை பார்த்துக்கொண்டேதான் காத்திருந்தார்.

இன்னொரு கதவு

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு ஐந்து ஆட்டங்களைச் சேர்த்தது. கிரிக்கெட் பற்றி மட்டுமே நாம் பேசினோம். அதே பட்டியலில் 'ஃப்ளாக் ஃபுட்பால்' என்பதும் இருந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலின் சாதுவான தம்பி. அணிக்கு 5 பேர். யாரையும் கீழே தள்ளக்கூடாது, இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும். ஹெல்மெட் வேண்டாம், தோள் கவசம் வேண்டாம். பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு.

மைதானத்தின் நீளம்? எல்லைப் பகுதிகளை விட்டுவிட்டால் அதே 50 கெஜம்!

ஃபாஸ்டர் கவரில் வரைந்த அளவு ஒலிம்பிக் வரை போய்விட்டது. அதை ஆடிய லீக்குகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. லீக் சாகும், ஆட்டம் சாகாது. அதனால், அந்த போன் வந்தால் ஆட்டத்தை நம்பிப் போகச் சொல்லுங்கள். லீக்கை மட்டும், கேள்வி கேட்டுவிட்டு நம்பச் சொல்லுங்கள்.