‘காஸ்’ என்னும் சொல்லின் கதை

“காஸ் தீர்ந்துவிட்டது” என்கிறார்கள் வீட்டில். “வயிற்றில் காஸ்” என்று மருந்துக் கடையில் போய் நிற்கிறோம். அமெரிக்கர்களோ காருக்கே காஸ் போடுகிறார்கள்! அவர்கள் போடுவது நம் பெட்ரோல்தான். ‘காஸொலீன்’ என்பதைச் சுருக்கி அவ்வாறு வழங்குகிறார்கள். அடுப்பங்கரைச் சிலிண்டரில் தளும்புவதும் பெரும்பாலும் திரவமே. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரோப்பேனும் பியூட்டேனும் வால்வைத் திறந்தபின்தான் ஆவியாகி வெளிவருகின்றன. ஆக, இச்சொல்லைத் திரவங்களுக்கும் நாம் தயங்காமல் சூட்டிவிட்டோம்.

பெரும்பாலான சொற்களை முதலில் சொன்னவர் யார் என்று நமக்குத் தெரியாது. இச்சொல்லுக்கு மட்டும் தந்தையின் பெயர் தெரியும். அவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் வான் ஹெல்மான்ட். 62 பவுண்டு மரக்கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பலே மிஞ்சுகிறது என்று அவர் கணக்கிட்டார். மீதி 61 பவுண்டு எங்கே? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாய் வெளியேறிவிட்டது. அது காற்றுமன்று, நீராவியுமன்று. இதுவரை பெயரில்லாத பொருள். பழங்கிரேக்கர்கள் ஒழுங்கற்ற ஆதிநிலைக்கு இட்ட ‘கேயாஸ்’ என்ற பெயரை நினைத்து, அதற்குக் ‘காஸ்’ என்று பெயரிட்டார். அவருடைய பிளெமிஷ் மொழியில் முதலெழுத்தைத் தொண்டை உரச ஒலிப்பதால், இரு சொற்களும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே.

அவர் கணக்கில் ஒரு குறை உண்டு. எரியும்போது கரியுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. 61 பவுண்டு தூய கரிமம் எரிந்தால் ஏறத்தாழ 224 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்! ஆயினும், திராட்சை ரசம் நுரைக்கும்போது எழுவதும் இதே காஸ்தான் என்று அவர் கண்டுகொண்டது சாதாரணச் செயலன்று.

இன்னொரு சோதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். உண்மையில் அம்மரத்தின் கரிமமெல்லாம் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. தாமே பெயரிட்டழைத்த பொருள் தம் தோட்டத்து மரத்திற்குள் நுழைந்ததை அவர் அறியவில்லை.

1644இல் அவர் மறைந்தார். எழுத்துக்களை அவருடைய மகன் 1648இல் நூலாக வெளியிட்டார். அதில் ‘காஸ்’ என்பதற்குத் துணையாக ‘பிளாஸ்’ என்று இன்னொரு புதுச்சொல்லும் இருந்தது. விண்மீன்களிலிருந்து வரும் ஒருவகை இயக்க சக்தியாம்! அச்சொல்லை இன்று யாரும் சீந்துவதில்லை.

‘காஸ்’ பிழைத்ததும் எளிதாக இல்லை. நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் ‘காற்று’ என்ற சொல்லையே கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜோசப் பிளாக்குக்குக் கார்பன் டை ஆக்சைடு ‘நிலைத்த காற்று’. 1766இல் கேவண்டிஷுக்கு ஹைட்ரஜன் ‘எரியும் காற்று’. எல்லாமே காற்றின் வகைகள் என்றால், இவை தனித்தனிப் பொருள்கள் என்ற எண்ணம் எப்படி வரும்? பிரான்சில் மாக்கேரும் லவாய்சியரும் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்த பிறகே குழப்பம் தெளியலாயிற்று. 1807இல் லண்டன் பால்மால் தெருவில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. அதன்பின் சொல் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது.

நம் மொழியிலும் இதே சிக்கல் உண்டு. ‘வளி’, ‘வாயு’ இரண்டும் முதலில் காற்றையே குறித்தவை. ‘வளிமம்’ என்று பாடநூல்கள் ஆளும்போது சில மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது நல்ல சொல்லாகவே படுகிறது. நீங்கள் படித்திருக்கும் ‘கரியமில வாயு’வைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் கார்பன் டை ஆக்சைடுக்கு வழங்கிய ‘கார்பானிக் அமில காஸ்’ என்ற பெயர் அதற்குள் அப்படியே இருக்கிறது.