இரு சட்டங்களில் ஒரு சாவு: இந்தியாவில் மூளைச்சாவு வரையறையின் வரலாறு

மூச்சும் நாடியும் அடங்குவதே சாவின் அடையாளம் என்பது நெடுங்கால வழக்கு. செயற்கைச் சுவாசக் கருவியின் வருகை இவ்வடையாளத்தை ஐயத்திற்குரியதாக்கியது. மூளை முற்றிலும் செயலிழந்த பின்னரும் கருவியின் துணையால் இதயம் துடிக்கும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரே, கூலோன் ஆகிய இருவரும் 1959இல் விளக்கினர். 1967 டிசம்பரில் கேப்டவுனில் முதல் மனித இதய மாற்று அறுவை நிகழ்ந்தது. மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, மீளா ஆழ்மயக்கத்தைச் சாவின் அளவுகோலாக முன்மொழிந்தது. பயனற்ற மருத்துவத்தின் சுமை, உறுப்பு பெறுவதில் எழும் சர்ச்சை என்னும் இரண்டனை அக்குழு காரணமாகக் காட்டிற்று. பிற்காலப் பூசல்களின் வித்து இவ்விரண்டாம் காரணத்தில் உள்ளது எனலாம்.

இந்தியாவில், உயிரின் அறிகுறிகள் யாவும் நிலையாக மறைதலே இறப்பு என 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வரையறுத்தது. மூளை பற்றிய பேச்சு அதில் இல்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் அதே தொடரை எடுத்தாண்டு, அம்மறைவு மூளைத்தண்டுச் சாவினாலோ, இதயமும் நுரையீரலும் ஓய்வதாலோ நிகழலாம் என விரித்தது. மூளைத்தண்டு மீளாவகையில் செயலிழந்தால் மட்டும் போதாது. மருத்துவர் நால்வர் குழு அதற்குச் சான்றளித்திருத்தலும் வேண்டும். ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதனை நடத்தப்பெறும். அச்சான்றிதழோ உறுப்பு அகற்றுதலை முன்னிட்டு ஏற்பட்டது.

சிக்கல் இங்குத்தான் தோன்றுகிறது. உறவினர் கொடைக்கு இசையாதபோது அவ்வுடல் சட்டத்தின் கண்ணில் உயிருள்ளதா, பிணமா? கருவியை அகற்ற மருத்துவர் தயங்குகின்றனர். குடும்பத்தினரோ செலவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே தவிக்கின்றனர். உறுப்புக்காகவே சாவு அறிவிக்கப்படுகிறதோ என்னும் ஐயமும் இதனால் வலுக்கிறது. 2011இல் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூளையின் இறப்பே மனிதரின் இறப்பு என்னும் கருத்தை ஏற்றுப் பேசியது. எனினும் 1969ஆம் ஆண்டு வரையறை அவ்வாறே நின்றது. அச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டபோதும் அது மாறவில்லை. கேரள அரசு 2020இல் மூளைச்சாவை உறுதிசெய்யும் நெறிமுறைகளை வெளியிட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

சாவு என்பது இறந்தவரின் நிலை. பிறருடைய இசைவைப் பொறுத்ததன்று. கொடைக்கு இசைந்தால் சாவு, மறுத்தால் ஐயம் என்னும் முரண் நீங்க, இரு சட்டங்களும் ஒரே வரையறையைக் கொள்ளுதல் வேண்டும். அதுவே கொடையின் மீதான நம்பிக்கையையும் காக்கும் எனத் துணியலாம்.